ஒரு செவலைக் கன்று சொல்வதும் பத்துக் கருப்புக் கன்றுகள் சொல்லாததும்

காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் கலப்பின மாடு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "மாடு கருப்பு வெள்ளை. அதே மாதிரி கருப்பு வெள்ளைக் காளை ஊசிதான் போடச் சொன்னேன். கன்னு செவலையா விழுந்திருக்கு. ஊசியை மாத்திப் போட்டுட்டாங்க." பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் நாலு பேரில் மூன்று பேர் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். சினை ஊசி போட்டவர்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

ஊசி மாறிப்போவது நடக்காத விஷயம் அல்ல. ஆனால் கருப்பும் கருப்பும் சேர்ந்து செவலைக் கன்று போடுவது அதைவிட சாதாரணமான விஷயம். எதிலிருந்து எதை முடிவு கட்டலாம், எதை முடிவு கட்டக் கூடாது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு மரபியல் கொஞ்சம் வேண்டும், நிகழ்தகவு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மாட்டின் மயிர் கருப்பா சிவப்பா என்பதில் பெரும்பங்கு வகிப்பது எம்சி1ஆர் என்ற மரபணு. எந்தக் கன்றுக்கும் இதில் இரண்டு பிரதிகள் இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, காளையிடமிருந்து ஒன்று. இந்த மரபணு பொதுவாக மூன்று வடிவங்களில் வருகிறது. முதலாவது கருப்பு வடிவம். ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன் என்ற எச்எஃப் இனத்தில் நாம் பார்க்கும் கருப்பு இதனால்தான். இரண்டாவது ஜெர்சியில் பரவலாக உள்ள இயல்பு வடிவம். மற்ற மரபணுக்களின் சேர்க்கையைப் பொறுத்து இது பழுப்பாகவோ மங்கிய கருப்பாகவோ வெளிப்படும். மூன்றாவது சிவப்பு வடிவம். இரண்டு பிரதிகளில் ஒன்று கருப்பாக இருந்தாலே போதும், மாடு கருப்பு. இன்னொரு பிரதி என்ன என்பது தோலில் தெரியாது. அதனால்தான் கருப்பை ஓங்கு பண்பு என்றும் சிவப்பை ஒடுங்கு பண்பு என்றும் பாடப்புத்தகம் சொல்கிறது. உடம்பில் வெள்ளைத் திட்டு எங்கே விழும், எவ்வளவு விழும் என்பதை வேறு மரபணுக்கள் பார்த்துக்கொள்ளும். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது நம் ஊர் மாட்டைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தொழுவத்தில் நிற்கும் கருப்பு வெள்ளை மாடு பெரும்பாலும் சுத்த எச்எஃப் கிடையாது. அதன் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ நாட்டு மாடாகவோ ஜெர்சி கலப்பாகவோ இருந்திருக்கும். மேலே கருப்பு தெரிந்தாலும் உள்ளே ஒரு செவலைப் பிரதி உட்கார்ந்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஊசிக்கு விந்து எடுக்கும் காளையும் கலப்பினமாக இருந்தால் அங்கேயும் அதே நிலை. சுத்த எச்எஃப் காளையிலும் சிவப்புப் பிரதியை ஒளித்து வைத்திருப்பவை உண்டு. வெளிநாட்டுக் காளைப் பட்டியல்களில் அப்படிப்பட்ட காளைகளைத் தனியாகவே குறித்து வைக்கிறார்கள். இனிமேல் இப்படி ஒளித்து வைத்திருக்கும் விலங்கைக் கடத்தி என்று சொல்லிக்கொள்வோம். கணக்கு சிக்கலாகாமல் இருக்க, கருப்பு அல்லாத இரண்டு வடிவங்களையும் சேர்த்துச் செவலை என்றே வைத்துக்கொள்வோம்.

பசுவும் கடத்தி, காளையும் கடத்தி. பசு தன் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கன்றுக்குத் தரும். அது செவலைப் பிரதியாக இருக்க வாய்ப்பு பாதி. காளை பக்கமும் அதே பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் செவலைப் பிரதியைத் தர வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால். நாலில் ஒன்று செவலை, மூன்று கருப்பு. அந்த மூன்று கருப்பில் இரண்டு மறுபடியும் கடத்தி, ஒன்று மட்டும்தான் சுத்தக் கருப்பு. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866-இல் அச்சிட்ட கணக்கு இதுதான். 34 வருடம் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1900-இல் மூன்று பேர் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது. இரண்டே வருடத்தில் இங்கிலாந்தில் பேட்சன் என்ற ஆய்வாளர் கோழிக் கொண்டையை வைத்தும் பிரான்சில் குவேனோ என்பவர் எலியை வைத்தும், விலங்குக்கும் இதே சட்டம்தான் என்று காட்டினார்கள்.

இதுவரை பத்தாம் வகுப்புப் பாடம். குழப்பம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

'நாலில் ஒன்று' என்றதும் பலரும் அதை ஒரு பாக்கி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று ஈத்து கருப்பு போட்டாச்சு, நாலாவது செவலையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பசுவின் கர்ப்பப்பைக்குக் கணக்கு நோட்டு கிடையாது. காசைச் சுண்டினால் ஐந்து முறை தலை விழுந்திருந்தாலும் ஆறாவது முறைக்கும் பாதிதான் வாய்ப்பு. அதேபோல ஒவ்வொரு ஈத்துக்கும் புதிதாகக் கால் பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான்.

கடத்திப் பசுவுக்குக் கடத்திக் காளையின் ஊசியே போட்டு நாலு கன்று ஈன்றதாக வைத்துக்கொள்வோம். சரியாக மூன்று கருப்பு, ஒரு செவலை என்று வருவதற்கு வாய்ப்பு 100-க்கு 42 மட்டுமே. நாலும் கருப்பாகவே பிறக்க வாய்ப்பு ஏறக்குறைய 32. இரண்டு செவலை வர 21. மூன்று செவலை வர 5-க்குக் கொஞ்சம் குறைவு. நாலுமே செவலை என்பதும் ஆயிரத்தில் நாலு தடவை நடக்கும். ஆக, புத்தகத்தில் உள்ள 3-க்கு 1 என்ற விகிதம் ஒரே வீட்டுத் தொழுவத்தில் அப்படியே வராமல் போவதுதான் அதிகம். மெண்டலுக்கு அது கிட்டத்தட்ட அச்சாக வந்ததற்குக் காரணம் அவர் எண்ணிய எண்ணிக்கை. உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850, ஆக மொத்தம் 7,324 விதைகளை அவர் பார்த்தார். நம் பசு வாழ்நாளில் ஏழெட்டு ஈத்து கொடுத்தால் பெரிய விஷயம். சிறிய எண்ணிக்கையில் விகிதத்தைத் தேடுவது வீண் வேலை.

அப்படியானால் தொழுவத்தில் நிற்கும் நாலைந்து கன்றை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா? சொல்லலாம். ஆனால் சாட்சியின் எடை இரண்டு பக்கமும் ஒரே அளவு கிடையாது. மாடு வாங்குகிறவரும் விற்கிறவரும் மனதில் வைக்க வேண்டியது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு கருப்பு மாட்டுக்கு ஒரே ஒரு செவலைக் கன்று பிறந்துவிட்டால் விஷயம் முடிந்தது. அப்பன், தாய் இரண்டுமே கடத்தி. இதில் வாய்ப்பு, சதவீதம் என்று பேச ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் செவலைப் பிரதி தந்தால் ஒழிய அந்தக் கன்று பிறந்திருக்கவே முடியாது. பிரதி தானாக மாறிப்போவது நடைமுறையில் கணக்கில் சேர்க்க வேண்டாத அளவுக்கு அபூர்வம். காளை சுத்தக் கருப்பு என்று மரபணுச் சோதனையில் உறுதியாகி இருந்தால், அப்போதுதான் ஊசி மாறிப்போச்சு என்றோ மேய்ச்சலில் வேறு காளை ஏறியது என்றோ சந்தேகப்பட இடம் வருகிறது. உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண், இனம் எல்லாம் அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட அன்றே அந்தக் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் பாதிச் சண்டை வராது. இன்னொன்றும் உண்டு. எச்எஃப் வழியில் சில கன்றுகள் பிறக்கும்போது செவலையாகத் தெரிந்து, மாதங்கள் போகப் போகக் கருப்பாக மாறும். ஈன்ற அன்றே சண்டைக்குக் கிளம்ப வேண்டாம்.

மறுபக்கம் வேறு மாதிரி. ஒரு கருப்புப் பசு பத்துக் கருப்புக் கன்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அது கடத்தி இல்லை என்று நிரூபணம் ஆகாது. ஊசி போட்ட காளைகள் எல்லாம் சுத்தக் கருப்பாக இருந்திருந்தால் அந்தப் பத்துக் கன்றும் பசுவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கடத்திக் காளைகளாகவே இருந்திருந்தாலும், கடத்திப் பசு தொடர்ந்து பத்துக் கருப்புக் கன்று போட 100-க்கு 5 அல்லது 6 தடவை வாய்ப்பு இருக்கிறது. 17 கன்று வரை போனால்தான் அது 1-க்குக் கீழே இறங்கும். 17 கன்று எந்தப் பசு ஈனும்? செவலைக் காளையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் குறுக்கு வழி. அங்கே பாதிக்குப் பாதி என்பதால், ஐந்து கன்றும் கருப்பாகவே இருந்தால் கடத்தியாக இருந்தும் தப்பித்திருக்க வாய்ப்பு 32-இல் ஒன்று. ஏழு கன்று என்றால் 128-இல் ஒன்று. காளையைச் சோதிக்க இந்த முறை சரிப்படும், ஒரே காலத்தில் ஏழு செவலைப் பசுவுக்கு அதன் ஊசியைப் போடலாம். பசுவைச் சோதிக்க இது கட்டுப்படி ஆகாது.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். செவலைக் கன்று போட்ட அதே ஜோடிக்கு முந்தின ஈத்தில் பிறந்த கருப்புக் கிடாரி ஒன்று வீட்டில் நிற்கிறது. அது கடத்தியா? பாதி வாய்ப்பு என்று பலர் சொல்வார்கள். மூன்றில் இரண்டு என்பதே சரி. நாலு சாத்தியங்களில் செவலை ஒன்று கழிந்துபோனது, ஏனென்றால் கிடாரி கருப்பு என்று கண்ணெதிரே தெரிகிறது. மிச்சம் மூன்று, அதில் இரண்டு கடத்தி. இனி அந்தக் கிடாரிக்குச் செவலைக் காளை ஊசி போட்டுத் தலையீத்து கருப்பாக வந்தால் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டிலிருந்து பாதியாகும். இரண்டாவதும் கருப்பு என்றால் மூன்றில் ஒன்று. மூன்றாவதும் அப்படியே என்றால் ஐந்தில் ஒன்று, நாலாவதுக்கு ஒன்பதில் ஒன்று. குறைந்துகொண்டே வரும், பூஜ்யம் ஆகாது. நடுவில் ஒரு செவலை விழுந்தால், அதுவரை குறைந்து வந்த எண்ணை எல்லாம் அழித்துவிட்டு நேராக 'ஆம், கடத்திதான்' என்று எழுதிவிடலாம்.

நிறம் விஷயத்தில் இதெல்லாம் வாய்ச்சண்டையோடு போகும். பால் குறையாது, மாடு சாகாது. ஒளிந்திருப்பது நோயாக இருந்தால்தான் இந்தக் கணக்குக்கு விலை. எச்எஃப் இனத்தில் பிளாட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒடுங்கு நோய் ஒன்று உண்டு. இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் கன்றின் வெள்ளையணுக்கள் நோய்க்கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. கன்று அடிக்கடி காய்ச்சலும் கழிச்சலுமாக நோஞ்சானாகி இளம் வயதிலேயே செத்துப்போகும். உலகம் முழுக்க இது பரவியதற்கு முக்கியக் காரணம் 1952-இல் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே காளையின் வம்சம். அந்தக் காளை நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தது, மகள்கள் பாலைக் கொட்டினார்கள். அதனால்தான் அதன் விந்துக்கு அவ்வளவு கிராக்கி, கெட்ட பிரதியும் கூடவே ஊர் சுற்றியது. 1990-களின் தொடக்கத்தில் மரபணுப் பிழை எது என்று தெரிந்த பிறகு ரத்தச் சோதனையிலேயே கடத்தியைப் பிடிக்க முடிகிறது. இந்தியாவில் விந்து நிலையங்களுக்கான விதிமுறைப்படி எச்எஃப் காளைகளை இதற்கும் வேறு சில ஒடுங்கு நோய்களுக்கும் சோதித்தாக வேண்டும். ஊர்க் காளையை விட ஊசி மேல் என்று சொல்வதற்குப் பாலைவிட இதுவே வலுவான காரணம் என்பது என் எண்ணம்.

ஆட்டில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ நல்ல வாட்டமான கிடாவாகப் பார்த்து வாங்கி வந்து மந்தையில் விடுகிறார்கள். கிடா நன்றாக இருந்தால் நாலைந்து வருடம் அதுவேதான் மந்தைக்கு அப்பன். இடையில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். அந்தக் கிடாவிடம் ஏதோ ஒரு கெட்ட ஒடுங்கு பிரதி ஒளிந்திருக்கிறது, வீட்டுப் பெட்டைகளில் எதிலும் அது இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகாது. பாதிக் குட்டிகள் கடத்தி, அவ்வளவுதான். கிடா தன் மகள் மேல் ஏறும்போது, மகள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதி, அப்படி இருந்தால் குட்டி பாதிக்கப்படும் வாய்ப்பு கால். மொத்தத்தில் எட்டில் ஒன்று. 40 குட்டி பிறந்தால் சராசரியாக ஐந்து. மகள்களுக்கு வெளியிலிருந்து வேறு கிடாவைக் கொண்டுவந்தால், அதுவும் அதே பிரதியைச் சுமந்து வந்தால்தான் ஆபத்து.

செத்துப் பிறக்கும் குட்டிக்கும் வளைந்த காலுக்கும் ஊரில் சொல்லும் காரணங்கள் பல, கிரகணம் வரை போகும். கிடாவை மாற்றிப் பார்க்கலாமே என்று சொல்பவர் குறைவு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். பெட்டைக்குட்டி பருவத்துக்கு வர இன்னும் எட்டுப் பத்து மாதம். ஆக, கிடா வந்து ஒன்றரை வருடத்துக்குள் அதன் மகள்கள் தயாராகிவிடும். அதற்குள் அடுத்த ஊர்க்காரரோடு கிடாவை மாற்றிக்கொண்டால் பணச் செலவில்லாமலே எட்டில் ஒன்று என்ற அபாயம் போய்விடும். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டுக்கு இந்த வசதி இல்லை. எண்ணிக்கை சுருங்கிப்போன இனம், காளைகள் சில, அவற்றுக்குள்ளேயே சொந்தம் வேறு. யாரோடு யார் மாற்றிக்கொள்வது? அழியும் இனத்தைக் காப்பாற்றுவதில் பாதி வேலை வம்சாவளி எழுதி வைப்பதுதான்.

சரி, பாதிக்கப்பட்ட குட்டியை எல்லாம் கழித்துவிட்டால் கெட்ட பிரதி மந்தையை விட்டே ஒழிந்துபோகாதா? போகாது, அல்லது போக யுகம் ஆகும். ஒரு பெரிய மந்தையில் பத்துப் பிரதிக்கு ஒன்று கெட்டது என்றால், கலந்து சேரும்போது இரண்டு பிரதியும் கெட்டுப் பிறப்பது நூற்றில் ஒன்று. கடத்திகளோ நூற்றில் 18. நாம் கண்ணால் பார்த்துக் கழிப்பது அந்த ஒன்றைத்தான், 18 பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தவறாமல் கழித்தாலும் பத்தில் ஒன்று என்பது இருபதில் ஒன்றாகக் குறையவே பத்துத் தலைமுறை வேண்டும். மாட்டுக் கணக்கில் அது நாற்பது, ஐம்பது வருடம்.

இந்தக் கணக்கின் அடிப்படையை 1908-இல் எழுதியவர்களில் ஒருவர் ஜி. எச். ஹார்டி. ஆம், ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனை ஆறு வருடம் கழித்துக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். ஓங்கு பண்பு என்றால் அது போகப் போக நாலில் மூன்று பேருக்கு வந்துவிட வேண்டாமா என்ற கேள்வி அப்போது கிளம்பியது. அவர் நண்பரும் மரபியலாளருமான புன்னட் அதை அவரிடம் கொண்டுபோனார். ஹார்டி பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தாலே போதும் என்கிற அளவுக்கு எளிதாக விடை எழுதினார். வெளியிலிருந்து எதுவும் தள்ளாதவரை ஒரு பிரதியின் பங்கு தலைமுறை தாண்டி அப்படியே நிற்கும். ஓங்குவதால் பெருகாது, ஒடுங்குவதால் குறையாது. ஜெர்மன் மருத்துவர் வைன்பெர்க் அதே வருடம் தனியாக இதையே சொன்னார்.

ஆக, ஓங்கு என்பது அதிகம் காணப்படுவது என்று பொருள்படாது, நல்லது என்றும் பொருள்படாது. மாட்டில் கொம்பில்லாமை ஓங்கு பண்பு, ஆனால் கொம்புள்ள மாடுதான் எங்கும். கிராப்புக் கோழியின் மொட்டைக் கழுத்தும் ஓங்கு பண்பு, அதிலும் பாதி ஓங்கல். கழுத்தின் கீழ்ப்பக்கம் முன்னால் ஒரு கொத்து இறகு இருந்தால் ஒரு பிரதி, சுத்தமாக மொட்டை என்றால் இரண்டு. இங்கே கடத்தியைக் கண்டுபிடிக்கக் கணக்கே தேவையில்லை, பார்த்தாலே போதும்.

குட்டைக்கால் கோழி இன்னும் விநோதம். இதில் க்ரீப்பர் என்று அறியப்பட்ட வகையில் ஒரு பிரதி இருந்தால் கால் குட்டை. இரண்டு பிரதி இருந்தால் கரு முட்டைக்குள்ளேயே முதல் சில நாளில் செத்துவிடும். குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் கோழியும் சேர்ந்த 12 நல்ல முட்டையை அடை வைத்தால் சராசரியாக மூன்று கெட்டுப்போகும், ஆறு குட்டைக்கால், மூன்று சாதாரணக் கால். 3-க்கு 1 வர வேண்டிய இடத்தில் 2-க்கு 1. இதே 2-க்கு 1 விகிதத்தை 1905-இல் குவேனோ மஞ்சள் எலியில் பார்த்தார். காரணம் தெளிவாக 1910 ஆனது. நம் ஊரில் இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைக்கிறோம். இந்தக் கால்பங்கு கூமுட்டைக்கு அது உதவாது, சேவலை நெட்டைக்காலாக மாற்றினால் உதவும்.

வெள்ளாட்டில் இதற்கு ஈடானது மோளை. கொம்பில்லாத ஆடு முட்டாது, கட்டித் தீனி போட வசதி, பார்க்கவும் சாது. தலைச்சேரி ஆடுகளில் அப்படிப்பட்டவை உண்டு, நம் சந்தைகளுக்கும் வருகின்றன. மோளை ஓங்கு பண்பு என்பதால் ஒரு மோளைக் கிடாவை விட்டாலே மந்தையில் மோளைக் குட்டி பிறக்கும். ஆசைப்பட்டு மோளைப் பெட்டைகளையும் சேர்த்துக்கொண்டால் சிக்கல். அதே மரபணு மாற்றம் இரண்டு பிரதியாக வரும்போது, பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டி பெட்டையும் இல்லாமல் கிடாவும் இல்லாமல் மலடாகிவிடும். ஒரு பிரதி மட்டும் உள்ள மோளையும் மோளையும் சேர்ந்தால் நாலில் ஒன்றுக்கு இரண்டு பிரதி, அதில் பாதி பெட்டை, ஆக நூறு குட்டிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று இப்படிப் போகும். கிடாக்குட்டியில் பெரும்பாலும் வெளியே தெரியாது, சிலவற்றில் விந்துப் பாதை அடைபட்டு மலடாகும். கிடா, பெட்டை இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருந்தால் இந்தக் கோளாறு வராது. கொம்புள்ள ஆடு மோளைப் பிரதியை ஒளித்து வைத்திருக்க முடியாது, ஏனென்றால் இங்கே ஒடுங்கு பண்பு கொம்புதான். அதனால் மோளைக் கிடாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் வீட்டு மந்தையில் மோளைப் பெட்டைகளைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்குப் பக்கத்து வீட்டுக் கொம்புக் கிடாவைக் கேட்டு வாங்குவது நல்லது.